மஞ்சள் தடவாத கடிதம்

செஞ்சி
12-12-1963

சிரஞ்சீவி மைத்துனர் ரங்கநாதனுக்கு உன் அக்காள் கணவன் இளையபெருமாள் ஆசி கூறி எழுதுவது. இங்கு யாவரும் நலம். நலம் என்று இன்று கை கூசாமல் எழுத முடிகிறதே, அதற்கு உன் அக்காள் விருத்தாம்பாளைத்தான் கும்பிட வேண்டும்.

அவலூர்பேட்டை தாண்டவராயன் தம் மகனுக்கு நம் மீனம்பாளைப் பெண் கேட்டுப் போனது உனக்குத் தெரியும். கலந்து பேசிக் கடிதம் போடுவதாகச் சொல்லியிருந்தேன். எல்லோருக்கும் சம்மதம், மீனம்பாளுக்கு எல்லோரையும்விடச் சம்மதம். முப்பத்திரண்டு ஆண்டு தமிழ் வாத்தியாராக இருந்தவன் அதை ஒரு வரியில் எழுதலாமா? நான்கு பக்கம் எழுதினேன். கார்கால வருணனையில் தொடங்கி, பெண் பிறந்த வீட்டைப் பிரிவதையும் பெற்றவர் கண்ணீரையும் விரித்துரைத்து, நான்காம் பக்கத்தின் அடியில் சம்மதத்தைச் சொன்னேன். ஒற்றுப்பிழைகூடக் கிடையாது. உன் அக்காள் மஞ்சளைக் குழைத்துக்கொண்டு வந்து, "நல்ல சேதியாச்சே, நாலு மூலையிலும் வச்சி அனுப்புங்க" என்றாள். "கையெழுத்துப் போடத் தெரியாதவள் எனக்குக் கடிதம் எழுதக் கற்றுத்தருகிறாயா? மை கலைந்துவிடும், போ" என்று விரட்டிவிட்டேன்.

தாண்டவராயன் எழுத்துக்கூட்டிப் படிப்பவர். இரண்டாம் பக்கத்தைத் தாண்ட முடியவில்லை. புரிந்தவை பிரிவு, கண்ணீர் என்ற இரண்டே சொற்கள். மூலையில் பார்த்தால் மஞ்சளும் இல்லை. சாவுச் சேதிதான் என்று முடிவு கட்டி, அதை வீட்டில் வைக்கக்கூடாதென்று அங்கேயே கிழித்துப் போட்டுவிட்டு, பதினொரு பேராகப் பஸ் ஏறிவிட்டார்கள். இறங்கிய இடத்தில் ஆரம்பித்த ஒப்பாரி எங்கள் வாசல்வரை வந்தது. எதிர்க்கடை கரீம் பாய் ஓடிவந்து, "இன்னா வாத்தியாரே, யாரு போயிட்டாங்க?" என்று என்னையே கேட்டார். எனக்கென்ன தெரியும்? அவர்கள் வீட்டில்தான் யாரோ என்று நினைத்து, துண்டை வாயில் பொத்திக்கொண்டு நானும் இரண்டு சொட்டு விட்டேன். தாண்டவராயன் மனைவி ரத்தினம்மாள் கையில் பெரிய மாலையோடு என்னைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். "வாத்தியாரு உசுரோட நிக்கறாரே! அப்ப யாருக்காவ அழுவறோம்?"

கடிதத்தைக் கொடுங்கள், படித்து விளக்குகிறேன் என்றேன். கிழித்ததைச் சொன்னார்கள். நான் வாயால் சொல்லி, அது சம்மதக் கடிதம் என்று தெரிந்ததும் ரத்தினம்மாள் இன்னும் பயந்துவிட்டாள். "அழுதுகினே காலு வச்ச வூட்ல எப்படிம்மா பொண்ணு எடுக்கறது?" என்று சொல்லி எல்லோரையும் அழைத்துக்கொண்டு போய்விட்டாள். மூன்று நாள் மீனம்பாள் சரியாகச் சாப்பிடவில்லை, என் முகத்தைப் பார்க்கவில்லை. ரங்கநாதா, அந்த மூன்று நாள் நான் பட்ட பாடு யாருக்கும் வரக்கூடாது. ஆகவே ஆறு பக்கத்தில் ஒரு விளக்கக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். உன் அக்காள் பேனாவைப் பிடுங்கினாள். ஒரு கார்டை எடுத்து நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, நடுவில் ஒரு குங்குமப் பொட்டு வைத்தாள். "அவங்க விலாசத்த மட்டும் எழுதுங்க. வேற ஒரு எழுத்து வச்சீங்க, கைய ஒடிச்சிடுவேன்" என்றாள். எழுதினேன்.

கார்டு போட்ட நான்காம் நாள் பூவும் தாம்பூலத் தட்டுமாக வந்து நின்றார்கள். ரத்தினம்மாள் அந்தக் கார்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "இப்பத்தான் சம்பந்தியம்மா வாயத் தொறந்து பேசினாங்க. அழுத தோஷமெல்லாம் போச்சு" என்றாள். மீனம்பாள் சிரித்துக்கொண்டே காப்பி கொண்டுவந்தாள். இத்தனை காலம் உன் அக்காளைக் கைநாட்டு என்று கேலி செய்தவன் நான். அவளிடம் நேரில் நன்றி சொல்ல வாயெடுத்தால் செய்யுளாக வருகிறது, அவள் அடுப்படிக்குப் போய்விடுகிறாள். அதனால் உனக்கு எழுதுகிறேன். இப்படி ஒருத்தியை எனக்குக் கொடுத்ததற்கு உனக்கும் உங்கள் நைனாவுக்கும் என் நன்றி.

நீ தாய்மாமன். நீ வந்து மாலை எடுத்துக் கொடுக்காமல் கல்யாணம் நடக்காது. அவசியம் குடும்பத்தோடு வந்து சேரவும். உன் மனைவி மக்கள் பல்லாண்டு நோயின்றி வாழ எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு,
இளையபெருமாள்

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் இதை உன் அக்காளுக்குப் படித்துக் காட்டினேன். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "எல்லாஞ் சரி, கல்யாணம் என்னிக்குன்னு எழுதினீங்களா?" என்றாள். எழுதவில்லை. தை பதினெட்டு, காலையில், நம் வீட்டில். இது போதும், மேலே உள்ளதை நீ படிக்க வேண்டாம் என்றும் எழுதச் சொல்கிறாள்.