வேலிகள் நடந்த ஒழுங்கை

துப்புரவாக்கிய மறுநாளே ஒழுங்கை ஒடுங்கத் தொடங்கிவிட்டது.

புளியங்கூடலில் இரண்டு வேலிகளுக்கு நடுவே கடலுக்குப் போகிற மணற்பாதை அந்த ஒழுங்கை. இரண்டு மாட்டுவண்டில் ஒன்றையொன்று விலத்திப் போகும். போரில் சனம் இடம்பெயர்ந்த காலத்தில் பற்றை மூடிக் கிடந்ததை, பாலசிங்கத்தாரின் மணற்பாதை மோட்டச்சைக்கிள் சங்கம்தான் வெட்டித் திறந்தது. தார் கூடாது, கிரவல் கூடாது. முதலில் முள் வெட்டு, பிறகுதான் ஓட்டம். அதுதான் சங்கச் சட்டம்.

வாலிபத்தில், இராசேஸ்வரி வீட்டைக் கடந்து அவர் அந்த மணலில் பறந்த பறப்பில் ஆட்காட்டிக் குருவிகள் முட்டையிடுவதையே நிறுத்திவிட்டனவாம். அவளையே கட்டி, கையோடு தெற்கே கடை நடத்தப் போனவர், ஓய்ந்து இப்போதுதான் ஊர் திரும்பியிருந்தார். மகளின் பிள்ளைப்பேறு பார்க்கக் கனடா போன மனுசி வெள்ளிக்கிழமை வருகிறாள். பழைய ஹொண்டாவில் ஏற்றி, பெற்றோலும் உப்புக்காற்றும் மணக்க, அவளை அதே மணலில் கடல்வரை கொண்டுபோகவேண்டும்.

பற்றை போனதும் வெளி தெரிந்தது. கிழக்குப் பக்கத்து ஆழ்வாப்பிள்ளை நாலு முழம் ஒழுங்கைக்குள் தள்ளிப் புதுவேலி போட்டார்.

"அண்ணை, வேலியை அரக்கிப் போட்டியள்!"

"நான் அரக்கேல்லைத் தம்பி. மழைக்கு வேலிக் கதியால் துளிர்த்துத் தானா நடந்திருக்கும்."

சங்கச் செயலாளர் சுஜிதன் காதுக்குள் சொன்னான்: "சண்டை பிடிச்சா பாதை பூட்டுப்படும். விடுங்கோ அண்ணை."

விட்டார். மேற்குப் பக்கத்து மயில்வாகனம் வந்து நின்றார்.

"அவருக்கு நாலு முழம் விட்டனீர். நான் என்ன இளக்காரமோ?"

சமாதானத்துக்காகச் சங்கமே கயிறு பிடித்து, அவருக்கும் நாலு முழம் தள்ளி வேலி அடைத்துக் கொடுத்தது. அது நேர், தன்னுடையது கோணல் என்று ஆழ்வாப்பிள்ளைக்கு மனவருத்தம். நேராக்கினார்கள். நேராக்கியதில் இன்னொரு முழம் போனது.

வியாழக்கிழமை ஹொண்டாவின் ஹாண்டில் இரண்டு வேலியிலும் கொழுவிக்கொண்டது. கிடுகு வேலிக்குள் தலைகீழாய்க் கிடந்த சங்கத் தலைவரைச் சுஜிதன் காலில் பிடித்து இழுத்தான்.

"ஹாண்டிலைக் குறுக்கினாப் போகும் அண்ணை."

குறுக்கினான். வெள்ளிக்கிழமை வண்டி நுழைந்தது. பின்னால் இருந்த இராசேஸ்வரியின் முழங்கால்கள் நுழையவில்லை.

இறங்கி நின்று, இரண்டு வேலியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"குறை நினையாதேயும்," என்றார் பாலசிங்கத்தார். "ஒழுங்கை கொஞ்சம் ஒடுங்கிப் போச்சு. ஆனா இரண்டு பக்கத்தாரும் இப்ப எங்களோட நல்ல வாரப்பாடு."

"ஒழுங்கையோ? நீங்கள் என்னைப் பாக்க வந்து போகட்டுமெண்டு எங்கட ஐயா வேலியைப் பிரிச்சு விட்ட என்ர சீதனக் காணியெல்லோ இது!"