ஆற்றங்கரையில் மாட்டிய கடிகாரம்

தருமபுரி
7-8-1985

அன்பு மச்சான் உசேனுக்கு முகம்மது கவுஸ் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையில் உன் அக்கா ஷரீபுன்னிசாவின் முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் சுகம். உன் வீட்டில் முழங்கால் உட்பட எல்லாம் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். விஷயம் என்னவென்றால், வாணியம்பாடியில் எனக்கு ஒரு கடை பார். வாட்ச் ரிப்பேருக்கு ஒரு மேஜை போடும் இடம் போதும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டு மொரப்பூரில் ரயில் ஏறிவிடுவேன். இந்த ஊரில் இனி நேரம் காட்டிப் பிழைக்க எனக்கு யோக்கியதை இல்லை. ஏன் என்று சொல்கிறேன், சிரிக்காமல் படி.

வத்தல்மலை அடிவாரத்தில் மேலஹள்ளி, கீழஹள்ளி என்று இரண்டு ஊர், இரண்டுக்கும் ஒரே ஆறு. அணைக்கல்லுக்குப் பக்கத்தில் ஒரு மடை. பலகையைப் போட்டால் தண்ணீர் மேலஹள்ளி வாய்க்காலுக்கு, தூக்கினால் கீழஹள்ளிக்கு. விடிந்ததிலிருந்து மனிதன் நிழல் நாலடி ஆகும்வரை மேல் ஊர் முறை, அதற்கப்புறம் கீழ் ஊர் முறை. நிழலை அவரவர் பாதத்தால் அளப்பார்களாம். நெட்டைக்கு ஒரு நியாயம் குட்டைக்கு ஒரு நியாயமா என்று நான் கேலி செய்தேன். மேல் ஊர் மடைக்காரர் நஞ்சப்பன் பனைமர உயரம், கீழ் ஊர் மாதம்மாள் அவர் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே. இரண்டு பேரும் என் எதிரில் நின்று தங்கள் நிழலை அளந்தார்கள். அவருக்கும் நாலடி, அவளுக்கும் நாலடி. செருப்பைக் கழற்றிவிட்டு நானும் அளந்தேன், எனக்கும் நாலடி. மச்சான், முப்பது வருஷமாக சக்கரமும் ஸ்பிரிங்குமாக நேரத்தைத் தேடிக்கொண்டிருந்தேன், படைத்தவன் அதை ஒவ்வொருவர் காலிலும் கட்டி அனுப்பியிருக்கிறான். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

அப்படியே கும்பிடு போட்டுத் திரும்பியிருக்கலாம். ஆடி மாதம் மேகம் மூடினால் நிழல் விழாது, மழையும் விழாது, மண்வெட்டிதான் விழும். அதற்காகத்தான் என்னைக் கூட்டிப்போனார்கள். நானும் பெரிய மனுஷத்தனமாக என் கடைச் சுவர்க்கடிகாரத்தைக் கொண்டுபோய் மடைக்கு எதிரே புங்கமரத்தில் மாட்டி, நாலடி என்றால் பத்தேகால் என்று கணக்குப் போட்டு, "இனி கடிகாரம் காட்டுவதே நேரம், மனிதர் பேச்சு செல்லாது" என்று காகிதத்தில் எழுதி இரண்டு ஊரிலும் கைநாட்டு வாங்கிவிட்டேன். இருபது நாள் சண்டை இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆடிப்பெருக்கு வந்தது. ஆற்றுக்குப் பூஜை போட்டவர்கள் மரத்தைப் பார்த்தார்கள். தண்ணி குடுக்கிற ஆத்தாவுக்குச் சீர் செஞ்சுட்டு நேரம் குடுக்கிற சாமிய வுட்டா குத்தமுங்களே என்று, கண்ணாடியைத் திறந்து, முள் மேல் குங்குமம் வைத்து, மஞ்சள் தண்ணீரை மூன்று சொம்பு ஊற்றிவிட்டார்கள். அபிஷேகம் இரண்டு ஊரும் சேர்ந்து செய்தது, அதிலே ஒற்றுமைக்குக் குறைவில்லை. கடிகாரம் ஒன்பதே முக்காலில் நின்றுவிட்டது.

நின்றது மேல் ஊர் முறையில். வானமோ அன்றிலிருந்து மூன்று நாளும் ஒரே மூட்டம், நிழல் பார்க்கவும் வழியில்லை. மூன்றாம் நாள்தான் ஆள் வந்து கூப்பிட்டு நான் பஸ் பிடித்துப் போய்ச் சேரும்போது மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது, பலகை போட்டது போட்டபடி. மாதம்மாள் என்னைப் பார்த்ததும், "நாத்து செவந்து போச்சுங்க. இன்னிக்கும் தண்ணி பாயலைன்னா வெதைச்சதெல்லாம் மண்ணுங்க. மறுக்கா வெதைக்க வூட்ல ஒரு படி நெல்லு இல்லீங்க" என்றாள். கடிகாரம் செத்துவிட்டது, பலகையைத் தூக்குங்கள் என்றேன். மேல் ஊர் ஆட்கள் காகிதத்தை நீட்டினார்கள். "மனுசர் பேச்சு செல்லாதுன்னு நீங்கதாங்க எழுதினீங்க. பத்தேகால் ஆகட்டும், தொறக்கறோம்." என் எழுத்து, என் கையெழுத்து. அந்த நாற்றைக் கொன்றவன் நானாகிவிடுவேன்.

நஞ்சப்பன் தன் வயலுக்குப் போய்க் கணுக்கால் வரை தண்ணீரில் நின்று பார்த்துவிட்டு வந்தார். "கடியாரம் நின்னுச்சி சரி, ஆறு நின்னுச்சா? கீழ இருக்கறவளுக்கும் வவுறுதாண்டா" என்று சொல்லி அவரே குனிந்து பலகையைத் தூக்கினார். சொந்த ஊர்க்காரர்கள் ஒருத்தரும் தடுக்கவில்லை, அந்த முகத்தைப் பார்த்து யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

அதற்கப்புறம் பார்த்ததை எப்படி எழுதுவேன். காய்ந்த வாய்க்காலில் தண்ணீர் நடந்து வந்தது. ஓடவில்லை, நடந்தது. சருகைத் தள்ளிக்கொண்டு, வெடிப்பு ஒவ்வொன்றிலும் இறங்கி, அதை நிரப்பி, மறுபடி ஏறி. அதற்கு முன்னால் பெண்கள் துடைப்பத்தால் குப்பையை ஒதுக்கிக்கொண்டே பின்வாங்கினார்கள். எறும்புகள் முட்டையைத் தூக்கிக்கொண்டு கரை ஏறின. நானும் வேட்டியை மடித்துக் கட்டி முக்கால் மைல் கூடவே நடந்தேன். ஊர் எல்லையில் மாதம்மாள் முதலில் நாற்றங்காலுக்குத் திருப்புவாள் என்று நினைத்தேன். மாடு குடிக்கும் குட்டைக்குத் திருப்பினாள். "அது வாயில்லா சீவன், நமக்கு வாயிருக்குது" என்றாள். குட்டை நிறைந்து நாற்றங்காலில் தண்ணீர் ஏறியபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்ல வெட்கமில்லை. இப்படிப்பட்ட ஜனங்களுக்கு மனிதர் பேச்சு செல்லாது என்று எழுதிக் கொடுத்த மடையன் நான். ஆகவே கடை பார், தாமதிக்காதே.

உன் வீட்டாருக்கு என் சலாம், பிள்ளைகளுக்கு துஆ. ஆண்டவன் உங்கள் கிணறு வற்றாமல் வைக்கட்டும்.

இப்படிக்கு,
உன் மச்சான் முகம்மது கவுஸ்

பின்குறிப்பு: கடை பார்க்க வேண்டாம். கவரை ஒட்டும்போது நஞ்சப்பனும் மாதம்மாளும் ஒன்றாக வந்து நிற்கிறார்கள். மறுபடி மேகம் மூடிவிட்டதாம், நான் வர வேண்டுமாம். கடிகாரம் இன்னும் காயவில்லை என்றேன். "அது எதுக்குங்க, நீங்க வந்து நடுவுல நின்னா போதுங்க. வெளியூரு மனுசர் பாக்கறாருன்னா ரெண்டு ஊருக்கும் கொஞ்சம் வெக்கம் இருக்கும்" என்றார் நஞ்சப்பன். மாதம்மாளும் தலையை ஆட்டினாள். அங்கே போய் என்ன வேலை செய்வீர்கள் என்று உன் அக்கா கேட்கிறாள். சும்மா நிற்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டேன்.