எங்கள் வீட்டுப் பாத்திரத்தை அடுத்தவர்கள் கழுவுவது பற்றி

மதிப்பிற்குரிய அண்ணன் அவர்களுக்குத் தங்கை எழுதிக்கொள்வது. எல்லோரும் நலம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் நலமா இல்லையா என்பதே எனக்கு இப்போது சந்தேகமாக இருக்கிறது.

அன்றைக்கு எங்கள் கூடத்தில் இருந்தவர்கள்: லிஃப்ட் பழுதுபார்க்கும் பெண், மருந்துக்கடைக்காரி, பேத்தியின் கணக்கு டீச்சர், கீழ்வீட்டு அமுக்குணி, என் மருமகள், பேத்தி, கதவுக்குப் பின்னால் நான். கூப்பிடாமலே வந்து உட்கார்ந்துகொண்டு, "பாப்பா நல்லா படிக்குது. சாயங்காலம் ரெண்டு மணி நேரம் அவளை விட்டுடுங்க, அவ செய்யிற வீட்டு வேலைய நாங்க முறை வச்சு செஞ்சு குடுக்கிறோம்" என்றார்கள். அண்ணா, எழுபது வருடத்தில் உன் வேலையை நான் செய்கிறேன் என்று யாராவது என் வாசலில் வந்து நின்றதுண்டா? மருமகள் உடனே தலையாட்டிவிட்டாள். அவளுக்கென்ன!

மறுநாளே அமுக்குணி வந்து பாத்திரம் கழுவினாள். அவள் போனதும் கரண்டிகளை எண்ணினேன், ஒன்று கூடுதலாக இருந்தது. குறைந்திருந்தால் நிம்மதியாகச் சண்டை போட்டிருப்பேன், கூடினால் என்னவென்று போடுவது? இதற்கிடையில் லிஃப்ட்காரி தினமும் பேத்தியைத் தையல்கடை மாடிக்குக் கூட்டிப்போய், இன்னும் பல பெண்களோடு உட்காரவைத்து மின்சாரம் சொல்லிக்கொடுக்கிறாள். பெண் எடுக்கப் பார்க்கிறாளோ என்று, "உனக்கு மகன் இருக்கானா?" என்று கேட்டே விட்டேன். "இல்ல பாட்டி, பூனைதான் இருக்கு" என்றாள். மகனே இல்லாதவளுக்கு அடுத்த வீட்டுப் பெண் மேல் எதற்கு இத்தனை கரிசனம்? நானே போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். சும்மா விட்டார்களா? கையில் டெஸ்டரைத் திணித்து, "பயப்படாதீங்க பாட்டி, அந்த ஓட்டையில வைங்க" என்றார்கள். வைத்தேன். சிவப்பாக எரிந்தது. அத்தனை பெண்களும் கைதட்டினார்கள். எனக்காக இதுவரை யாரும் கைதட்டியதில்லை, ஆகவே இதில் நிச்சயம் ஏதோ உள்நோக்கம் இருக்கிறது.

கடைசியில் படிக்கட்டில் அவர்கள் கூடிப் பேசியதைக் காதில் பிடித்தேன். பேத்திக்கு ஞாயிற்றுக்கிழமை தொழிற்கல்லூரியில் நேர்முகத் தேர்வாம், அங்கேயே விடுதியாம். நீங்கள் மாப்பிள்ளை வீட்டாரோடு வருவதாகச் சொன்ன அதே ஞாயிறு! "மாமாகிட்ட மூச்சு விட்டுடாதீங்க" என்று மருமகள் அவர்களிடம் கிசுகிசுக்கிறாள். அந்த மாமா நீங்கள்தான். "ஏண்டி, உனக்குக் கல்யாணம் வேண்டாமா?" என்று பேத்தியைக் கேட்டேன். "லிஃப்ட்டு முதல்ல மேல போகட்டும் பாட்டி, ஆளை அப்புறமா ஏத்திக்கலாம்" என்கிறாள். பதினாறு வயதில் வாயைப் பாருங்கள்!

ஆகையால் நீங்கள் அவசியம் வந்து, பெரியவராக நின்று, இந்தக் கூத்துக்கு ஒரு முடிவு கட்ட வேண்டும். அண்ணியின் முழங்கால் வலி குறையட்டும். நீங்கள் தீர்க்காயுசாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கை

பின்குறிப்பு: மேலே உள்ளது செவ்வாய்க்கிழமை எழுதியது. காகிதம் வீணாகுமே என்று கிழிக்கவில்லை. நேற்று நீங்கள் போனில் மருமகளிடம், "பொண்ணுக்கு இவ்வளவு படிச்சது போதும்" என்றது என் காதிலும் விழுந்தது. நான் நாலாம் வகுப்பில் இருந்தபோது அப்பாவிடம் இதே வார்த்தையை, இதே குரலில் சொன்னீர்கள். சொல்லிவிட்டு என் சிலேட்டைத் தண்ணீர்ப் பானைக்கு மூடியாகப் போட்டீர்கள். ஆறாம் வகுப்பில் இரண்டு தடவை உட்கார்ந்தவர் நீங்கள். ஞாயிறு முதல் பஸ்ஸில் நான்தான் பேத்தியைக் கூட்டிப்போகிறேன். மாப்பிள்ளை வீட்டாருக்குக் காப்பி அமுக்குணி போட்டுக் கொடுப்பாள், அன்றைக்கு அவள் முறை. இவர்கள் எல்லோர் மேலும் எனக்கு இன்னும் சந்தேகம் உண்டு. ஆனால் மன்னிக்கவே மாட்டேன் என்று நான் வைத்திருப்பது ஒருவரைத்தான். அது நீங்கள், அண்ணா.