நாலாவதில் ஓங்கி மிதி

சாக்குத் தைக்கும் ஊசியை முழங்காலுக்குள் விட்டுத் திருகியது போல வலி. கிடங்கில் இருபத்திரண்டு வருஷமாக மூட்டை தூக்கிய சுமைக்காரனின் கால் அது. சூப்பர்வைசர் வேலை காலியாக இருந்தது. கிடைத்தால் இனித் தோளில் எதுவும் ஏறாது. அதற்கு வெள்ளிக்கிழமை மேனேஜர் முன்னால் பாதுகாப்பு உறுதிமொழியை இங்கிலீஷில் வாசிக்க வேண்டும். எல்லாம் வந்தது. ஒரே ஒரு வார்த்தை மட்டும் தொண்டையில் குறுக்கே படுத்துக்கொண்டது.

மகள் அதைத் துண்டு போட்டுக் கொடுத்தாள். "ரெஸ்-பான்-ஸி-பில்-லி-டி. ஆறு துண்டுப்பா. நாலாவதுல அழுத்தணும்."

"எதால அழுத்தறது?"

"வாயாலதான், வேற எதால?"

வாய்க்கு அந்தப் பழக்கமில்லை, காலுக்கு இருந்தது. கிடங்கு மாடிப்படியில் படிக்கொரு துண்டாகச் சொல்லி ஏறினான். நாலாவது படியில் ஓங்கி மிதித்தான். வார்த்தை வழுக்கிக்கொண்டு வந்தது. கீழே இறங்கிச் சும்மா நின்றால் வரவில்லை.

சரியென்று சுமையோடும் பழகினான். மனைவியின் தம்பிதான் சுமையின் கீழ்முனையைப் பிடிப்பவன். நாள் முழுக்க அவன் காதில் உறுதிமொழிதான்.

"மாமா, எனக்குத் தூக்கத்துலயும் இதே வருது. விட்டுடுங்க."

"ரெண்டு நாள்தாண்டா, பொறுத்துக்க."

வியாழக்கிழமை இரும்பு பீரோ. "பில்!" என்று நாலாவது படியை மிதித்தான். பீரோ ஒரு குலுங்கு குலுங்கி மச்சினனின் கால் கட்டைவிரலில் உட்கார்ந்தது.

"ஐயோ! உங்க இங்கிலீஷ் நாசமாப் போக!"

காலில் கட்டு. மூன்று நாள் சுமை தூக்கக் கூடாது.

"என் தம்பி காலை உடைச்சுத்தான் நீங்க பெரியாளாகணுமா?" என்றாள் மனைவி.

"அவன் மூணு நாள் சுமையையும் நானே தூக்கறேன், போதுமா?"

வெள்ளிக்கிழமை மேனேஜர் நாற்காலியைக் காட்டினார். "உக்காந்தே படிங்க."

உட்கார்ந்ததும் வார்த்தை படுத்துவிட்டது. வேறு வழியில்லாமல் மேசைக்கடியில் காலைத் தட்டினான். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவதுக்காகக் காலை ஓங்கியபோது முழங்கால் மேசையில் மோதியது. டீ தம்ளர் கவிழ்ந்து உறுதிமொழித் தாள் முழுக்கப் பரவியது.

"வெளியில இருங்க," என்றார் மேனேஜர், சட்டையைத் துடைத்தபடி.

லீவு சீட்டு கொடுக்க வந்திருந்த மச்சினன் நொண்டிக்கொண்டே அடுத்து உள்ளே போனான். கால்மணி நேரம் கழித்து ப்யூன் வந்தான்.

"அண்ணே, தாள் நனைஞ்சு போச்சா, பாக்காமச் சொல்ல ஆள் இருக்கான்னு சார் கேட்டாரு. உங்க மச்சினன் கடகடன்னு சொல்லிட்டாரு. காலை அசைக்க முடியாதில்ல, வாயாலயே அழுத்துனாரு. இனி அவர்தான் சூப்பர்வைசர். உங்களைப் போய் ஆரம்பிக்கச் சொன்னாரு. மூணு நாள் சுமை பாக்கியாம்."