சம்பந்தி படகுக்கு நான் பாட்டரி இணைத்த விவரம்

அன்புள்ள மகன் கார்த்திக்கு,

அப்பா சதாசிவம் ஆசீர்வதித்து எழுதுவது. நானும் உன் அம்மாவும் நலம். நாங்கள் இப்போது வந்திருக்கும் உன் மாமனார் ராஜாராமின் குப்பத்து வீட்டிலும் எல்லோரும் நலம். இந்த நலமெல்லாம் நாளைக் காலை ஆறு மணி வரைக்கும்தான். அதற்குப் பிறகு உள்ள நலத்துக்கு என்னால் பொறுப்பேற்க முடியவில்லை. அதனால் இந்தக் கடிதம்.

போனில் சொல்லலாமே என்பாய். முடியாது. இங்கே உன் அம்மா ஸ்பீக்கரில் போடுவாள். அங்கே ரேணுகா ஸ்பீக்கரில் போடுவாள். நான் சொல்வது இரண்டு வீட்டுக்கும் கேட்கும். ஆகவே காகிதத்தில் எழுதி, படம் எடுத்து, உன் ஆபீஸ் நம்பருக்கு அனுப்புகிறேன். படித்ததும் அழித்துவிடு. ரேணுகா நல்ல மருமகள். ஆனால் முதலில் அவள் ராஜாராமின் மகள்.

ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும். முப்பத்தொரு வருடம் நான் கரண்ட் ஆபீஸில் இருந்தேன். அங்கே என் வேலை டைப் அடிப்பது. பராமரிப்புப் பணி காரணமாகக் கீழ்க்கண்ட பகுதிகளில் காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை மின்சாரம் இருக்காது என்று அறிவிப்பு அடிப்பேன். கீழே படாளம், கருங்குழி, செய்யூர் என்று ஊர்ப் பெயர்கள். மின்சாரம் எங்கே இருக்காது என்று எனக்குத் தெரியும். இருக்கும் இடத்தில் அது என்ன செய்யும் என்று தெரியாது. நம் வீட்டில் பியூஸ் போகும்போதெல்லாம் நீ பள்ளிக்கூடம் போன பிறகு ஆள் வந்து போட்டுவிட்டுப் போவார். சாயங்காலம் விளக்கு எரியும். அப்பா சரிசெய்தார் என்று நீ நினைத்தாய். நான் மறுக்கவில்லை. அவ்வளவுதான் நான் செய்த தவறு. அது இப்போது கடல் வரைக்கும் வந்துவிட்டது.

மாமனார் மேல் பிரியப்பட்டு அவர் படகுக்கு பாட்டரியில் ஓடும் மோட்டார் அனுப்பினாய். பெட்ரோல் வேண்டாம், சத்தம் கிடையாது, மீன் பயப்படாது. எல்லாம் சரி. பாட்டரி கனெக்‌ஷனை அப்பா பார்த்துக்கொள்வார், அவர் கரண்ட் ஆபீஸ்காரர் என்று ஒரு வரி சேர்த்தாயே, அது ஏன்? மறுநாளே சம்பந்தி ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு கருங்குழியில் நம் வீட்டுக்கு வந்துவிட்டார். பெண் கொடுத்தவர். வாசலில் நிற்கிறார். எனக்குத் தெரியாது என்று எப்படிச் சொல்வது? மீன் பயப்படாது. சரி. மீனுக்குச் சம்பந்தி கிடையாது.

மோட்டாருக்கு இருபத்துநான்கு வோல்ட் வேண்டுமாம். ஒரு பாட்டரிக்குப் பன்னிரண்டு. இரண்டை வரிசையாக இணைக்க வேண்டும், ஒன்றின் பிளஸை மற்றதன் மைனஸில். செங்கல்பட்டில் பாட்டரிக் கடை வைத்திருக்கும் ஆபிரகாம் இதை வாரண்டி அட்டையின் பின்பக்கம் வரைந்து காட்டினார். பிளஸையும் மைனஸையும் மாற்றிக் கொடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று, யாருக்காகவோ கேட்பதுபோல் கேட்டேன்.

"மோட்டாருக்குள்ள ஒரு போர்டு கீது சார், அது பொகஞ்சிடும். பியூஸ் கரீட்டா போடலன்னா வொயரும் பத்திக்கும். சார்ஜ் ஏத்தும்போது காஸு வரும், கிட்ட நெருப்பு மட்டும் காட்டாதீங்க. அவ்ளோதான். பயப்பட ஒண்ணுமில்ல சார்."

சொல்லிவிட்டு அவர் நாஸ்தாவுக்குப் போய்விட்டார். இரண்டு பாட்டரியும் ஒரே வயதாக இருக்க வேண்டும் என்றும் சொன்னார். தலையாட்டினேன். ஒன்று புதிது. மற்றது நம் வீட்டு இன்வெர்ட்டரில் இருந்து கழற்றியது, நீ கல்லூரி முடித்த வருடம் வாங்கியது. பியூஸும் வாங்கினேன். எந்த இடத்தில் போட வேண்டும் என்று கேட்க மறந்துவிட்டேன். ஓர் இடத்தில் போட்டிருக்கிறேன்.

இனிமேல் நடந்ததைத்தான் நீ கவனமாகப் படிக்க வேண்டும். மோட்டார் படகின் பின்பக்கம், பாட்டரிகள் பாரம் சமமாக இருக்க நடுவில், மோட்டாரில் இருந்து வரும் சிவப்பு வயரும் கறுப்பு வயரும் ஒரு முழம்கூட இல்லை, நீட்ட வேண்டும், நம் பம்ப்செட் கொட்டகையில் மிச்சமிருந்த வயரை எடுத்துப்போயிருந்தேன், அது முழுக்கக் கறுப்பு, ஆகவே சிவப்போடும் கறுப்பை முறுக்கி, கறுப்போடும் கறுப்பை முறுக்கி, மேலே கறுப்பு டேப் சுற்றினேன், சுற்றுவதற்கு முன்பே புத்தி வந்து, உன் அம்மாவின் சிமிழில் இருந்து குங்குமம் எடுத்துக் குழைத்து, பிளஸ் வயரின் முனையில் மட்டும் ஒரு பொட்டு வைத்தேன், நான் செய்ததிலேயே அறிவுள்ள காரியம் அதுதான், அதற்குள் சம்பந்தி, உப்புத் தண்ணீர் இறங்கிவிடும் என்று, படகு ஓட்டை அடைக்கிற பிசினைக் கலக்கி, மோட்டாரின் அடிவரை சிவப்பும் கறுப்பும் தெரியாமல், இரண்டு முடிச்சும் ஒரே கட்டியாகும்படி ஊற்றிவிட்டார், அது அரை மணி நேரத்தில் கல்லாகிவிட்டது, சரி, பொட்டு இருக்கிறதே என்று கைகழுவப் போனேன், திரும்பி வருவதற்குள் பூஜை ஆரம்பித்துவிட்டார்கள். உன் அம்மா கண்ணகி பாட்டரிக்குச் சந்தனம் பூசிக்கொண்டிருக்கிறாள். சம்பந்தியம்மா துர்காதேவி வயர்களைப் பார்த்தார்.

"இன்னாண்ணே, ஒண்ணு மட்டும் மூளியா கீது" என்றார். இன்னொரு முனைக்கும் பொட்டு வைத்தார். பெரிய பொட்டு.

கார்த்தி, இப்போது இரண்டு கறுப்பு வயர். இரண்டிலும் குங்குமம். இரண்டும் மங்களகரமாக இருக்கின்றன. எது பிளஸ் என்று இந்த உலகத்தில் யாருக்கும் தெரியாது.

நான் வாயைத் திறப்பதற்குள் கற்பூரம் ஏற்றிவிட்டார்கள். பாட்டரி அப்போதும் சார்ஜில் இருந்தது. ஆபிரகாம் சொன்ன காஸ் கண்ணுக்குத் தெரியாதாம். தட்டு பாட்டரிக்கு மேலே மூன்று சுற்று சுற்றியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். உன்னை நினைத்தேன். பிறகு, ஏனோ, என் பழைய டைப் மிஷினை. ஒன்றும் வெடிக்கவில்லை. சம்பந்திக்கு எவ்வளவு பக்தி பாருங்க என்று துர்காதேவியம்மா உன் அம்மாவிடம் சொன்னது காதில் விழுந்தது.

இன்று மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் தனியாகப் படகுக்கு வந்தேன். இரண்டில் ஒரு வயரை ஒரு முனையில் மாட்டினேன். மற்றதைத் தொட்டுப் பார்த்தேன். நீலமாக ஒரு பொறி. சத்தத்தோடு. மோட்டாரின் விசிறி சுற்றியதா என்று கேட்காதே. சுற்றியிருந்தால் எந்தப் பக்கம் என்றும் கேட்காதே. நான் மணலில் இருந்தேன். பழைய பாட்டரி தெறித்ததில் என் வேட்டியில் ஆசிட் ஓட்டை ஏழு. திரும்பிப் பார்த்தால் சம்பந்தி நிற்கிறார். டெஸ்ட் பண்ணினேன் என்றேன். அப்படியா என்றார். அவருக்கு அதற்கு மேல் கேட்கத் தெரியவில்லை, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. 

நாளைக் காலை ஆறு மணிக்கு முதல் ஓட்டம். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கால்வாயில் ஓட்டிப் பார்க்கலாமே, தண்ணீர் இடுப்பளவுதானே என்றேன். குப்பத்தில் சிரிப்பார்களாம். கடலில்தானாம். கனெக்‌ஷன் கொடுத்தவர் கூட வர வேண்டுமாம், அதுதான் மரியாதையாம். மாலை வாங்கி வைத்திருக்கிறார்கள். மோட்டாருக்கா எனக்கா என்று நான் கேட்கவில்லை. எனக்கு நீச்சல் தெரியாது என்பது உனக்குத் தெரியும். அது ஃபைபர் படகு. பற்றிக்கொண்டால் தண்ணீரில் குதிக்க வேண்டும். குதித்தால் மூழ்க வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு மனிதன் உட்கார இடம் இருக்கிறதா என்று காலையில் இருந்து யோசிக்கிறேன்.

எனக்கு ஏதாவது ஆனால்கூடப் பரவாயில்லை. அவருக்கு ஆகிவிட்டால் நான் ரேணுகா முகத்தில் எப்படி விழிப்பேன்? என் கையால் முறுக்கிய வயர். அதைத்தான் நினைக்கிறேன்.

ஆகவே நீ இதைப் பார்த்தவுடன் உன் மாமனாருக்குப் போன் செய். அந்த மாடலில் கோளாறு, கம்பெனி திரும்பக் கேட்கிறது, தொடவே வேண்டாம் என்று சொல். நான் சொல்லச் சொன்னேன் என்று மட்டும் சொல்லாதே. கேட்டதும் நான் ரொம்ப வருத்தப்பட்ட மாதிரி இருந்துகொள்கிறேன்.

உனக்கும் ரேணுகாவுக்கும் ஒரு குறையும் வராமல் இருக்க வேண்டும். வெயிலில் அலையாதே. பல்லாண்டு நன்றாக இருங்கள், நான் பக்கத்தில் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

இப்படிக்கு,
ஆசிகளுடன் அப்பா
சதாசிவம்

பின்குறிப்பு: போன் செய்ய வேண்டாம். இதைப் படம் எடுக்கலாம் என்று எழுந்தபோது சம்பந்தி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.  பிறகு மெதுவாகச் சொன்னார். "யாராண்டையும் சொல்லிடாதீங்க சம்பந்தி, என் பொண்டாட்டிக்கே தெரியாது. எனக்குக் கரண்டுன்னா ஒதறல். கடல்ல வுழுந்தா நீந்திக்குவேன். கரண்டுல வுழுந்தா எங்க போயி நீந்தறது? மாப்ள ஆசையா அனுப்பிக்கீறாரு, வாணாம்னு சொல்ல வாய் வரல. நீங்க கூட வர்றீங்கன்ற ஒரே தைரியந்தான்." உண்மையைச் சொல்ல இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. வாயைத் திறந்தேன். "கரண்டை நான் பாத்துக்கறேன், தண்ணிய நீங்க பாத்துக்குங்க" என்று வந்தது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.  நான் விடுவித்துக்கொள்ளவில்லை. எனக்கே ஆச்சரியம். இனி எப்படி மறுப்பது? நல்ல மோட்டார், பயப்பட ஒன்றுமில்லை என்று அவருக்கு ஒரே ஒரு வரி மட்டும் எழுதி அனுப்பு. எனக்கும் ஒன்று அனுப்பு.