நான்முகனுக்கு எட்டு நடனப் பெண்கள்

“முதலைப் பண்ணைக்குப் போலாம்டா,” என்றான் மாக். “வாய்க்குள்ள தலைய விட்டுக் காட்டறானாம்.”

ஸீட்டோ கடிகாரத்தைப் பார்த்தான். பாங்காக்கில் இது கடைசி நாள். மாலை ஆறு மணிக்கு விமான நிலையம் கிளம்ப வேண்டும். அதற்குள் நான்முகத் தெய்வத்தின் சன்னதிக்கு, மாக் இல்லாமல், போயாக வேண்டும்.

“அந்த நாலு மூஞ்சி சாமியைக் கும்பிட்டுட்டுப் போலாமே?”

“போன வருஷம்தான் பாத்தோமே. அஞ்சாவது மூஞ்சியா முளைச்சிருக்கப் போகுது? வாடா.”

மாக்கிடம் முடியாது என்று சொல்ல ஸீட்டோவால் ஆகவில்லை. ஹாங்காங்கில் இருவருக்கும் எதிரெதிரே கருவாட்டுக் கடை. போன வருடம் இதே ஊரில், மாக் இளநீர் குடிக்கப் போன நேரம் பார்த்து, ஸீட்டோ சன்னதியில் முட்டி போட்டான். ‘எதிர்க்கடை இல்லாமல் போகட்டும். வருடம் திரும்புவதற்குள் வந்து எட்டுப் பெண்களை ஆட வைக்கிறேன்.’ வேண்டுதல் பலித்தால் சன்னதி நடனப் பெண்களுக்குக் காசு கட்டி ஆட வைப்பது அங்கே வழக்கம்.

அவன் நினைத்தது வாடகை ஏற்றம், வியாபார மந்தம் மாதிரி மரியாதையான முடிவு. சாமி தீயை அனுப்பியது. இரண்டே மாதத்தில் மாக்கின் கடை சாம்பல். இறால் மூட்டையை இழுக்கப் போனதில் இடக்கையில் மூன்று விரல்கள் இனி மடங்காது. தெருவெல்லாம் இரண்டு நாள் வறுவல் வாசனை. துக்கம் கேட்க வந்தவர்களுக்கெல்லாம் பசித்தது.

அந்த வருடம் இன்றோடு முடிகிறது. நாளைக் காலை ஸீட்டோவின் மனைவிக்கு மூளைக் கட்டி அறுவை சிகிச்சை. டாக்டர்களுக்கு அது வெறும் தேதி. சாமியிடம் பேரம் பேசி வாக்குத் தவறப் பார்த்தவனுக்கு அப்படி இல்லை. “மூணு நாள் வெளியூர் போயிட்டு வரேன்” என்றபோது, அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். தனியாகக் கிளம்பியவனோடு, “எனக்கும் மனசு சரியில்லடா, துணைக்கு வரேன்” என்று மாக் ஒட்டிக்கொண்டான்.

முதலையைப் பார்த்தார்கள். முதலையும் ஸீட்டோவைப் பரிதாபமாகத்தான் பார்த்தது.

“வயித்த வலிக்குதுடா. நான் ரூமுக்குப் போறேன். நீ நிதானமா வா.”

“உன்னைத் தனியா விட்டா நான் மனுஷனா?”

அறையில் நாலு கரி மாத்திரை, உப்பில்லாத கஞ்சி. கதவோரம் நாற்காலி போட்டு மாக்கே காவல். மணி நாலு.

“பொண்டாட்டிக்கு ஒரு பட்டுத்துணி வாங்கணும். சன்னதி பக்கத்துல நல்ல கடை இருக்கு.”

“அந்தப் பக்கமே போகாத, கொள்ளை விலை. நீ படு. ஆத்தோரம் நான் வாங்கிட்டு வரேன்.”

மாக் மின்தூக்கியில் இறங்க, ஸீட்டோ படிக்கட்டில் பாய்ந்தான். மோட்டார் சைக்கிள் பின்னால் தொற்றி, சன்னதிக்குள் விழுந்தடித்து நுழைந்து, நடனச் சீட்டில் தன் பெயரை எழுதினான். தோளில் ஒரு கை விழுந்தது. மூன்று விரல்கள் விறைப்பாக நின்றன.

“என்ன கலருன்னு கேக்கத் திரும்பி வந்தேன். கட்டில் காலி. காலைலேர்ந்து சன்னதி சன்னதின்னு உயிரை வாங்கினியே, வேற எங்க போயிருப்ப? என்னடா வேண்டுதல்?”

ஸீட்டோவின் கண் அந்த விரல்களை விட்டு நகரவில்லை.

“உனக்காகத்தான்டா! நீ நல்லா இருக்கணும்னு. ஆட்டமே உன் பேர்லதான்.”

சொன்னால் போதுமா? தன் பெயரை அடித்துவிட்டு மாக்கின் பெயரை எழுதினான். சுவர்ப் பக்கம் திரும்பிய மனைவியின் முதுகு ஒரு கணம் கண்ணுக்குள் வந்து போனது. ஆள் யாரென்று சாமிக்குத் தெரியும் என்று தேற்றிக்கொண்டான்.

மாக்கின் முகம் வெளுத்தது. “எனக்கா? வேண்டாம்டா! கிழிச்சுப் போடு! ஃபிளைட்டுக்கு நேரமாச்சு!”

“சும்மா இருடா. எட்டுப் பேரும் ஆடணும்!” ஸீட்டோ சீட்டை ஜன்னலுக்குள் நீட்டினான்.

உள்ளே இருந்த பெண்மணி ஹாங்காங்காரர்களோடு பேசிப் பேசியே அவர்கள் பாஷையைக் கற்றவள். பெயரைப் படித்தாள். மூக்குக் கண்ணாடிக்கு மேலாக மாக்கைப் பார்த்து முகம் மலர்ந்தாள்.

“மறுபடியும் எதுக்குண்ணே? கடை நீங்க வேண்டிக்கிட்டபடியே எரிஞ்சு இன்சூரன்ஸும் முழுசா வந்துருச்சுன்னு, இன்னிக்கு விடியக்காலைலதானே எட்டுப் பேரையும் ஆட வச்சீங்க!”