லட்சுமி குடிவந்த தொட்டி

மடுல்சீமை,
வியாழக்கிழமை.

மதிப்புக்குரிய ரஜீவ் அண்ணாவுக்கு,

தங்கை சுதர்ஷினி எழுதிக்கொள்வது. இங்கே நான், பள்ளிக்கூடம், மழை மூவரும் நலம். அண்ணியும் பிள்ளைகளும் கொழும்பு வெயிலில் வாடாதிருக்க வேண்டுகிறேன்.

நாடே சுழற்சிப் பொருளாதாரத்துக்கு மாறுகிறது என்று உங்கள் அலுவலகம் எங்கள் தோட்டத்துக்கு அனுப்பிய சாண எரிவாயுத் தொட்டி ஒருநாளும் எரியாது என்று போன கடிதத்தில் எழுதியிருந்தேன். அதைத் திரும்பப் பெறுகிறேன். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளை மடுவத்தில் புகையில்லாமல் கஞ்சி காய்ச்சத்தான் அது வந்தது. ஆனால் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து மாட்டுக்காரர்கள் செவ்வாயும் வெள்ளியும் சாணி தரவில்லை, ஞாயிறு எல்லோரும் பதுளைக்குப் போய்விட்டார்கள், மிச்ச நாளில் கிடைத்ததைப் போட்டால் கார்த்திகை விளக்களவு சுடர்தான், கஞ்சி அரிசியாகவே கிடந்தது. உங்கள் அலுவலகப் பரிசோதகர் ஜௌபர் பார்த்துவிட்டு, "ரெண்டு கெழமைல எரியாட்டி கழட்டி மொனராகலைக்கு ஏத்திருவோம் டீச்சர்" என்றார். நான்கு மாடு வைத்திருக்கும் பெரியாயி அக்காவிடம் ஓடினேன். "வெள்ளிக்கிழம சாணி குடுத்தா லட்சுமி வீட்டவிட்டுப் போயிருவா டீச்சரம்மா. பேராதனைல படிச்சவங்க, இதுகூடவா தெரியாது?" என்றார். எனக்கு வந்த கோபத்தில், "அப்ப தொட்டியவே லட்சுமி வீடா வச்சுக்கங்க!" என்று சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் வெள்ளி. காலையில் போனால் தொட்டிக்கு மஞ்சள், குங்குமம், மாவிலை இல்லாததால் தேயிலைத் தோரணம். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தைவிட நீண்ட வரிசையில் வாளி வாளியாகச் சாணி!

வாயு சேரட்டும் என்று பன்னிரண்டு நாள் குழாயைத் திறக்கவில்லை. நேற்று ஜௌபர் முன்னிலையில் திறந்தோம். நீலச் சுவாலை, அண்ணா! பால் பொங்கி வழிந்தது, பெண்கள் குலவையிட்டார்கள், தேநீரைக் குடித்த ஜௌபர் தொட்டி இங்கேயே இருக்கட்டும் என்று கையெழுத்திட்டார். கழிவுக் கரைசல் லீக்ஸ் பாத்திக்கு, லீக்ஸ் தழை மாட்டுக்கு, மாட்டுச் சாணி மறுபடி தொட்டிக்கு. இன்று நாற்பது பிள்ளைகள் கஞ்சி குடித்தார்கள், ஒன்றுகூட இருமவில்லை. நம்பாதவள் நானே சொல்கிறேன், நாம் வென்றுவிட்டோம்.

உங்கள் எல்லோருக்கும் தொட்டி லட்சுமியின் அருள் கிட்டட்டும்.

அன்புடன்,
சுதர்ஷினி

பி.கு.: இன்று வெள்ளி. தபாலில் சேர்க்கப் போகும் வழியில் மடுவத்தை எட்டிப் பார்த்தேன். அடுப்பு குளிர்ந்து கிடக்கிறது. குழாயின் திருகைக் கழற்றிப் பெரியாயி அக்கா முந்தானையில் முடிந்திருக்கிறார். "சாணி உள்ள போகலாம் டீச்சரம்மா. வெள்ளிக்கிழமையும் அதுவுமா லட்சுமிய வெளிய விடலாமா?" ஒரு கேஸ் சிலிண்டர் உடனே அனுப்பவும். செவ்வாய்க்கும் அதுவே போதும்.